ஒரு சார்ஜ் பெட்டியின் இரைச்சல்

"பெரியம்மா, எல்லாரும் ஒரே காத்துலதானே பேசுறாங்க, பேச்சு ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காதா?"

குட்டி இப்படிக் கேட்டபோது அவள் இன்னும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. கிளைடர் மன்றத்துப் பட்டறையில் பெரியம்மாவின் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, வெட்டி விழுந்த வயர்த் துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு ரேடியோவின் வயிற்றைத் திறந்துவைத்திருந்த பெரியம்மா, "முட்டிக்காம பாத்துக்கத்தான்டி எனக்குச் சம்பளம் தர்றாங்க" என்றாள்.

அந்தப் பதில் மன்றம் முழுக்கச் சுற்றிவந்தது. அதற்கு முன்பே அவளுக்கு வயரக்கா என்ற பெயர் இருந்தது. அதன் பிறகு யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் தேவைப்படவில்லை.

வயரக்காவுக்குத் தன் வேலையில் பெருமை உண்டு. அது தப்பில்லை. கடவுள் கொடுத்த கையைக் கடவுளுக்குக் காட்டுகிற மாதிரி வேலை செய்யவேண்டும் என்று நினைக்கிறவள் அவள். ஒரு வயரைப் பற்றவைத்தால் மூன்று பக்கத்திலிருந்து இழுத்துப் பார்ப்பாள். கிளைடர் என்பது இன்ஜின் இல்லாத விமானம். இன்னொரு விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துப்போய் விட்டுவிடும். பிறகு ஏறுகிற காற்றைத் தேடித் தேடிப் பறக்க வேண்டியதுதான். அப்படிப் பறக்கிறவருக்குத் தரையோடு இருக்கிற ஒரே தொடர்பு ரேடியோ. அந்த ரேடியோ தன் பொறுப்பில் இருக்கிறது என்ற நினைப்பில்லாமல் அவள் ஒரு நாளும் தூங்கப் போனதில்லை.

ஒவ்வொரு கிளைடரிலும் லாகர் என்ற சின்னக் கறுப்புப் பெட்டி உண்டு. எந்த வழியாக, எவ்வளவு உயரத்தில் பறந்தோம் என்பதை அது பதிந்துகொள்ளும். கீழே வந்த பிறகு பார்த்து என்ன பயன், பறக்கும்போதே போனில் வரைபடத்தோடு தெரியவேண்டும் என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். கடைகளில் அதற்கென்று வயரில்லாத கருவிகள் இருந்தன. சிலர் வாங்கி மாட்டினார்கள். பாதி வழியில் தொடர்பு விட்டுப்போயிற்று. ரேடியோவிலும் டிக் டிக் என்று ஏதோ கொறித்தது. "வயரக்கா, நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்று அவளிடம் வந்து நின்றார்கள்.

அவள் ஒரு மாதம் உட்கார்ந்து செய்தாள். லாகரிலிருந்து போனுக்கு நேராக ஒரு வயர். வயருக்கு மேல் வலைபோல உலோகப் பின்னல். நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு சார்ஜ் பெட்டி. போனில் சார்ஜ் இறங்கினால் அதன் சுவிட்சைப் போட்டுக்கொள்ளலாம், கிளைடரின் பேட்டரியிலிருந்து போனுக்கு ஏறும். "காத்துல ஒரு சின்ன அலைகூடப் போகாது" என்று சொல்லி மன்றத்துச் சுவரில் ஒரு விதியையும் ஒட்டினாள்: பறக்கும்போது போன் ஃப்ளைட் மோடில்தான் இருக்கவேண்டும். போனின் அலையும் ரேடியோவைத் தொடக்கூடாது.

மேசையில் சோதித்தாள். கிளைடரில் மாட்டிச் சோதித்தாள். மைதானத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து சோதித்தாள். ரேடியோ கண்ணாடிபோலச் சுத்தமாக இருந்தது.

முதலில் பெட்டி போன இடம் பல் டாக்டரின் கிளைடர். வாரத்தில் நான்கு நாள் பல் பிடுங்குவதும், மீதி நாட்களில் வானத்தில் அலைவதுமாக இருக்கிறவர் அவர். சுபாவத்தில் கொஞ்சம் சிடுசிடுப்பு. ஒரு வாரத்தில் பட்டறைக்கு வந்தார்.

"உங்க பெட்டி இரையுது."

"எப்ப?"

"மேல போயி ரொம்ப நேரம் கழிச்சு. உஸ்ஸுன்னு, யாரோ காதுல ஊதுற மாதிரி."

வயரக்கா உடனே போய்ப் பார்த்தாள். தன் போனை மாட்டினாள், சுவிட்சைப் போட்டாள், ரேடியோவில் காதை வைத்தாள். ஒன்றும் இல்லை. அவளுடைய பெருமையில் ஏதோ ஒரு முள் குத்தியது. சுற்றிலும் நாலு பேர் நின்றார்கள்.

"டாக்டர், ரேடியோ சுத்தமா இருக்கு. நாள் முழுக்க அந்த டிரில் சத்தத்துலயே நிக்கிறீங்க. ஒரு தடவை காதைக் குடைஞ்சு பாருங்களேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. கிளைடருக்குள் குனிந்து பெட்டியைத் தானே கழற்றி, பட்டறை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் அந்தப் பெட்டியைத் துடைத்து, தன் தங்கையின் கிளைடரில் மாட்டினாள் வயரக்கா.

தங்கை குட்டியின் அம்மா. இரண்டு பேரில் மேலே பறக்கிற ஆசை அவளுக்கும், கீழே இருந்து கவலைப்படுகிற வேலை அக்காவுக்குமாகச் சின்ன வயதிலேயே பங்கு பிரிந்துபோயிருந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் தங்கை தூரப் பறப்புக்குக் கிளம்பினாள். மைதானத்துக்கு மேற்கே இருக்கிற மலைமுகட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கின் கோடியில் உள்ள ஏரியைத் தொட்டுத் திரும்பவேண்டும். பள்ளத்தாக்கு முழுக்கக் காடு. இறங்க ஒரு கைப்பிடி வெட்டவெளி கிடையாது. அதனால் முகட்டைத் தாண்டுவதற்கு முன் நல்ல உயரம் வேண்டும், நல்ல வானிலையும் வேண்டும். இரண்டும் இருந்தன.

கிழக்கே, சமவெளிப் பக்கம், பல் டாக்டரும் கிளம்பியிருந்தார். மூன்று ஊர்களைத் தொட்டுவரும் பெரிய முக்கோணம் அவருடைய கனவு. பல கோடைகளாக முயன்று, ஒவ்வொரு முறையும் எங்காவது ஒரு வயலில் இறங்கி, கிளைடரை ஏற்றிவரும் டிரெய்லருக்குப் போன் செய்து திரும்பியிருக்கிறார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, ரேடியோ மேசையில் உட்கார்ந்து விமானிகளோடு பேசுகிற மைக் அண்ணனுக்கு அவருடைய மச்சானிடமிருந்து போன் வந்தது. மச்சான் லாரி ஓட்டுகிறவர். மலைக்கு அந்தப் பக்கத்துச் சாலையில் நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, உங்க ஆளுங்க யாராச்சும் இந்தப் பக்கம் வந்திருக்காங்களா? இங்க பட்டப்பகல் இருட்டிப்போச்சு. ஆலங்கட்டி லாரி கண்ணாடிய ஒடைக்குது. காத்து வேற உங்க பக்கம்தான் தள்ளுது."

மைக் அண்ணன் போனை வைத்த வேகத்தில் மைக்கை எடுத்தார். மலைப் பக்கம் மேலே இருந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்தார். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள், ஒவ்வொருவராகத் திரும்பி இறங்கினார்கள். தங்கை மட்டும் பதில் சொல்லவில்லை.

"தங்கச்சி, மன்றம் கூப்பிடுது. உடனே திரும்பு. முகட்டைத் தாண்டாதே. கேக்குதா?"

ஒன்றும் இல்லை.

சிறிது நேரத்தில் ஒலிபெருக்கி தானாகப் பேசியது. தங்கையின் குரல்தான், தெளிவாக, சந்தோஷமாக. "மன்றம், முகட்டுக்கு முன்னால கடைசி மேகத்துக்கு அடியில இருக்கேன். அருமையா தூக்குது. இன்னும் கொஞ்சம் ஏறிட்டுத் தாண்டிடுறேன்."

"தாண்டாதே! அம்மா தாயே, தாண்டாதே!" மைக் அண்ணன் கத்தினார். "கேக்குதா? கேட்டா ரெண்டு தடவை பட்டனை அழுத்து!"

பட்டன் சத்தம் வரவில்லை.

படம் வரைந்துகொண்டிருந்த குட்டி தலைநிமிர்ந்தாள். "அம்மா பேசுறா!" என்று ஓடி வந்தாள். பள்ளி விடுமுறையில், அப்பா வேலைக்குப் போய்விடும் நாட்களில் அவளுக்கு மன்றம்தான் வீடு. "பெரியம்மா, அம்மா நல்லாத்தானே பேசுறா? மாமா ஏன் கத்துறாரு?"

"ரேடியோல கத்தித்தான் பேசணும்டி" என்றாள் வயரக்கா. குழந்தையிடம் பொய் சொல்லக்கூடாது என்பது அவள் கொள்கை. அந்த நிமிடத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவ்வளவு அருமையாகத் தூக்குகிறது என்று தங்கை சொன்னதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. நல்ல வெயிலின் காற்று இல்லை அது. பின்னால் வருகிற புயல் முன்னால் உள்ள காற்றை உறிஞ்சி மேலே இழுக்கிறது. அவள் இருக்கும் இடத்திலிருந்து முகடும் தலைக்குமேல் மேகமும் மறைக்கின்றன. புயல் கண்ணுக்குத் தெரியாது. தாண்டிய பிறகு தெரியும். அப்போது திரும்பிவர உயரம் இருக்காது, இறங்க இடமும் இருக்காது.

"போன் பண்ணுங்க" என்றார் யாரோ.

வயரக்கா பண்ணினாள். நீங்கள் தொடர்புகொள்ளும் எண் தற்போது இணைப்பில் இல்லை என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். மறுபடியும் பண்ணினாள். அதே பெண், அதே நிதானம். தங்கையின் மூக்குக்கு முன்னால் அந்தப் போன் வரைபடத்தைக் காட்டிக்கொண்டு பளிச்சென்று நின்றிருக்கும். ஃப்ளைட் மோடில். சுவரில் ஒட்டியிருந்த விதியை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே முதுகில் சுட்டது.

ரேடியோதான் கெட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் பேசுவது இங்கே வருகிறது, இங்கே பேசுவது மட்டும் அவளுக்குப் போகவில்லை என்றால் என்ன அர்த்தம்? வயரக்கா பட்டறைக்கு ஓடினாள். மேசை மேல் அதே மாதிரி ரேடியோ ஒன்று இருந்தது. மைக் அண்ணனின் குரல் அதில் நன்றாகவே கேட்டது. பேட்டரி தேய்ந்த அவளுடைய பழைய போன் விடாமல் கூப்பிட்டதில் செத்துக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை முயல வேண்டுமே என்று, பக்கத்தில் கிடந்த மாதிரிப் பெட்டியில் போனைச் செருகிச் சுவிட்சைப் போட்டாள்.

உஸ்ஸ்ஸ்.

யாரோ காதில் ஊதுகிற மாதிரி இருந்தது. மைக் அண்ணனின் குரல் அதற்குள் மூழ்கிப்போயிற்று.

அவள் போனை உருவினாள். இரைச்சல் நின்றது. செருகினாள். வந்தது.

வயரக்கா அப்படியே முக்காலியில் உட்கார்ந்தாள். சார்ஜ் இல்லாத போனைக் கையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது. வேலைக்கு வருமுன் நிறைத்துக்கொண்டுதான் வருவாள். அந்த நிறைந்த போனைத்தான் ஒவ்வொரு சோதனையிலும் மாட்டியிருக்கிறாள். வயிறு நிறைந்த போன் பெட்டியிடம் ஒன்றும் கேட்பதில்லை, பெட்டியும் சும்மா இருந்திருக்கிறது. பசித்த போன் இழுக்கும்போதுதான் பெட்டி மூச்சுவாங்கி உழைக்கிறது, உழைக்கும்போதுதான் இரைகிறது. காற்றில் அலையே போகாது என்று அவள் செய்த வயரே அந்த இரைச்சலை ரேடியோவரை சுமந்துபோகிறது.

தங்கை என்ன செய்திருப்பாள் என்பது அக்காவுக்குத் தெரியும். ரேடியோவில் இரைச்சலை அடக்க ஒரு திருகு உண்டு. இரைச்சல் போகும்வரை அதைத் திருகியிருப்பாள். இரைச்சலோடு சேர்ந்து தூரத்துக் குரல்களும் அடங்கியிருக்கும். காது நிறைய நிம்மதியான அமைதியோடு அவள் முகட்டை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறாள்.

'ஆண்டவனே, என் கையாலேயே அவ காதைப் பொத்திட்டேனே' என்று வயரக்கா மனதுக்குள் அலறினாள். பிறகு எழுந்து ஓடினாள். நமக்கெல்லாம் பிரார்த்தனை அநேகமாக ஓடும்போதுதான் வருகிறது. அதையும் அவன் கேட்கிறான் என்றே நான் நம்புகிறேன்.

ரேடியோ மேசையைச் சுற்றி, இறங்கிய விமானிகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். "அவ ரேடியோ தூரத்துச் சத்தம் எடுக்காது" என்றாள் மூச்சிரைக்க. "கிட்ட போனாத்தான் கேக்கும். பக்கத்துல இருந்து பேசினா, அந்தச் சத்தம் பலமா இருக்கும், திருகையும் மீறி உள்ள போகும். இப்ப மேல யாரு இருக்கா?"

"டாக்டர் ஒருத்தர்தான். அவரு கெழக்கால இருந்ததால புயல் எட்டாதுன்னு விட்டேன்." மைக் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "அவரு முக்கோணத்தோட கடைசிக் கோட்டுல வந்துட்டிருக்காரு வயரக்கா. கொஞ்சம் விட்டா வீடு வந்து சேர்ந்துடுவாரு. முகட்டுக்குப் போயிட்டு வர்றதுன்னா எதிர்க்காத்து. வந்து சேர உயரம் இருக்காது. எங்கயாவது வயல்லதான் இறங்கணும். அவரோட முக்கோணம் போச்சு."

"நான் கேக்குறேன்" என்று மைக்கை வாங்கினாள்.

சுற்றிலும் போன வாரம் சிரித்த அதே முகங்கள். அந்த அலைவரிசை பக்கத்து மன்றங்களிலும் கேட்கும். அதையெல்லாம் நினைக்க நேரமில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவள் நினைத்தாள். நினைத்துவிட்டே பேசினாள்.

"டாக்டர், நான் வயரக்கா. போன வாரம் நீங்க சொன்னது சரி. பெட்டி இரையுது. உங்க காதுல ஒண்ணுமில்ல, என் சோதனைதான் தப்பு. அதே பெட்டி இப்ப என் தங்கச்சி கிளைடர்ல இருக்கு. நாங்க பேசுறது அவளுக்குக் கேக்கல. முகட்டுக்கு அந்தப் பக்கம் புயல் நிக்குது, அவளுக்குத் தெரியாது, தாண்டப் போறா. உங்களால அவ பக்கத்துல போய்ச் சொல்ல முடியுமா?"

மைக்கின் பட்டனை விட்டுவிட்டு ஒலிபெருக்கிப் பக்கம் சாய்ந்தாள்.

"அப்ப நான் காதைக் குடைய வேண்டாம்ங்கிறீங்க" என்றார் டாக்டர்.

யாரும் சிரிக்கவில்லை.

"எந்த மேகம்னு சொல்லச் சொல்லுங்க அந்த மைக்குக்காரரை. திரும்பிட்டேன்."

பிறகு காத்திருத்தல். தரையில் நிற்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை. மேற்கே மலைக்கு மேல் வெள்ளையாக இருந்த விளிம்பு மெல்லச் சாம்பல் நிறமானது. மைதானத்துக் கொடி இதுவரை ஒரு பக்கம் ஆடியது, இப்போது குழம்பிச் சுருண்டு தொங்கியது. குட்டி பெரியம்மாவின் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கேள்வி எதுவும் கேட்காமல் நின்றாள். கேள்வி கேட்காத குட்டியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

தங்கையின் குரல் வந்தது. "மன்றம், நல்ல உயரம் வந்துடுச்சு. கிளம்புறேன். ஏரியில பாப்போம்."

"டாக்டர், கெளம்பிட்டா!" என்றார் மைக் அண்ணன்.

"கேட்டேன். பாக்குறேன். மூக்கைக் கீழ தள்ளி வேகமா வர்றேன், உயரம் தண்ணியா ஓடுது. பேசாதீங்க."

டாக்டர் தங்கையை அழைத்தார். பதில் இல்லை. கொஞ்சம் விட்டு மறுபடி அழைத்தார். பதில் இல்லை. மூன்றாவது அழைப்பின் பாதியில் வேறொரு குரல் குறுக்கே விழுந்தது.

"...யாரு? டாக்டரா? நீங்க எங்க இந்தப் பக்கம்? உங்க முக்கோணம் என்னாச்சு?"

"முக்கோணத்தை அப்புறம் பாக்கலாம். இடது பக்கம் திரும்பும்மா. இப்ப. ஏன்னு கேக்காம."

"ஆனா ஏரி..."

"ஏரி எங்கயும் போகாது. முகட்டுக்குப் பின்னால புயல். திரும்பு!"

பிறகு தங்கை, குரல் மாறி: "திரும்பிட்டேன். முகட்டு விளிம்புல இருந்து பாத்துட்டேன். கடவுளே... கறுப்பா சுவர் மாதிரி நிக்குது."

வயரக்கா மைக்கைப் பிடுங்கினாள். "டாக்டர், அந்தச் சார்ஜ் பெட்டிய அணைக்கச் சொல்லுங்க! சுவிட்சை அணைச்சுட்டு இரைச்சல் திருகைக் கொறைக்கச் சொல்லுங்க!"

டாக்டர் சொன்னார். க்ளிக் என்று ஒரு சத்தம். "இப்பக் கேக்குதாடி?" என்றாள் வயரக்கா.

"அக்கா?" என்றாள் தங்கை. "அக்கா, நீ இவ்வளவு நேரம் அங்கதான் இருந்தியா?"

வயரக்கா மறுபடி பட்டனை அழுத்தினாள். குட்டிதான் எட்டி, மைக்கருகே வாயை வைத்து, "நாங்க எல்லாரும் இருந்தோம், நீதான் கேக்கவே இல்ல" என்றாள்.

புயலின் முன்காற்று முதுகில் தள்ள, தங்கை வேகமாக வந்து சேர்ந்தாள். சக்கரம் புல்லைத் தொட்டபோது முதல் தூறல் விழுந்தது. கிளைடரைக் கொட்டகைக்குள் தள்ளியபின் அக்காவும் தங்கையும் நேருக்குநேர் நின்றார்கள். திட்டுவாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்று வயரக்கா எதிர்பார்த்தாள்.

"இரைச்சல் வந்துச்சு அக்கா. ரேடியோதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். பெட்டி மேல சந்தேகமே வரல. நீ செஞ்சதாச்சே."

திட்டியிருக்கலாம். இந்த வார்த்தை அதைவிட ஆழமாக இறங்கியது.

அதற்குள் மழை கொட்டத் தொடங்கியது. தகரக் கூரையில் ஆலங்கட்டி உருண்டது. டாக்டரின் குரல் எங்கும் இல்லை. மைக் அண்ணன் அழைத்துக்கொண்டே இருந்தார். தன் வீட்டுப் பெண் திரும்பிவிட்டாள் என்று நிம்மதியாக மூச்சுவிடக்கூட வயரக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. இன்னொருவர் வீட்டு மனிதர் இப்போது அந்த வானத்தில் இருக்கிறார், நான் கேட்டேன் என்பதற்காகப் போனவர். ஒரு பயம் இறங்கிய இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ஒலிபெருக்கிக்குக் கீழே தலைகுனிந்து, உதடு அசையாமல் அவள் வேண்டிக்கொண்டே இருந்தாள்.

மழை சற்று ஓய்ந்தபோது மைக் அண்ணனின் போன் அடித்தது.

"ஒரு வயல்ல இருக்கேன்" என்றார் டாக்டர். "உயிரோட. முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு டிராக்டர்காரர் தன்னோட தார்ப்பாயைக் கிளைடர் மேல போட்டுட்டு, தான் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. அவருக்கு நல்ல பல்லு. டிரெய்லர் அனுப்புங்க. என் செருப்பு ஒண்ணு சேத்தோட போயிடுச்சு, இன்னொரு ஜோடியும் கொண்டு வாங்க."

வயரக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

சாயங்காலம் டிரெய்லர் வந்து சேர்ந்தது. டாக்டர் பானை செய்யப் பிசைந்த களிமண்மாதிரி இருந்தார். ஏன் முக்கோணத்தை விட்டார் என்று தெரியாத ஒருவர் கேட்டதற்கு, "பிளாஸ்க்ல டீ தீந்துபோச்சு" என்றார். தரையில் மோதியதில், வாய்க்கு முன்னால் நீண்டிருக்கும் மைக்கின் தண்டு ஒடிந்து வயர் அறுந்திருந்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்த பிளாஸ்டரைச் சாய்வாகச் சுற்றி வைத்திருந்தார்.

வயரக்கா அருகே போனாள். "டாக்டர், நான் எப்படி..."

"இங்க பாருங்க" என்றார் அவர். "நன்றி சொல்றதா இருந்தா கிளினிக்குக்கு வந்து, என் நாற்காலியில சாஞ்சு, வாயை நல்லாத் திறந்துக்கிட்டுச் சொல்லுங்க. ஒரு எழுத்தும் எனக்குப் புரியாது. ரெண்டு பேருக்கும் வசதி."

அவ்வளவுதான். பேச்சை முடித்துவிட்டார்.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. மைதானத்துக்கு வெளியே இறங்கியவர் தன் கிளைடரின் சேற்றைத் தானே கழுவவேண்டும். வேறு யாரும் தொடமாட்டார்கள். சோம்பேறித்தனமாக எங்கேயும் இறங்கிவிடாமல் இருப்பதற்காக யாரோ வைத்த விதி. வெளிச்சேற்றைத் துணியால் துடைத்துவிடலாம். சக்கரம் மடங்குகிற குழிதான் கொடுமை. அதற்குள் கைமட்டும்தான் போகும், அதுவும் சின்னக் கையாக இருந்தால். காய்ந்துவிட்டால் விரலால் சுரண்டிச் சுரண்டி எடுக்கவேண்டும். "நாளைக்கு கிளினிக் முடிச்சுட்டு சாயங்காலம் வந்து கழுவிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, இரவல் செருப்பில் டாக்டர் வீட்டுக்குப் போனார்.

இருட்டுவதற்குள் வயரக்கா மன்றத்துக் கிளைடர்களில் இருந்த தன் பெட்டிகளையெல்லாம் கழற்றிவிட்டாள். சுவரில் இருந்த விதிக்குக் கீழே, எந்தப் பெட்டியையும் சார்ஜ் இறங்கிய போனோடுதான் சோதிக்கவேண்டும் என்று எழுதி, அந்தத் தப்பைச் செய்தது வயரக்கா என்றும் எழுதினாள். அது எல்லோரும் பார்த்தது.

மறுநாள் விடிந்ததும், மன்றத்தின் கதவு இன்னும் திறக்காத நேரத்தில், பட்டறைச் சாவியோடு கொட்டகைக்குள் வந்தாள். ஒரு வாளியில் வெந்நீர், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், பற்றவைக்கும் கருவி. டாக்டரின் கிளைடர் டிரெய்லரில் சக்கரம் பக்கவாட்டில் தெரியச் சாய்ந்திருந்தது. தரையில் ஒரு சாக்கைப் போட்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள். குழிக்குள் சேறு கல்லாகியிருந்தது. நடுவே வைக்கோல், ஒரு நசுங்கிய பூ, வேர் ஒன்று. வெந்நீரை ஊற்றி ஊறவைத்து, விரலை விட்டுச் சுரண்டினாள். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. அவள் கவனிக்கவில்லை. சக்கரம் தடையில்லாமல் சுழல்கிற வரை, இணைப்புகளின் ஒவ்வொரு இடுக்கும் உலோக நிறம் காட்டுகிற வரை விடவில்லை.

பிறகு உள்ளே எட்டி, மைக்கின் தண்டில் சுற்றியிருந்த பிளாஸ்டரை மெதுவாக உரித்தாள். அறுந்த வயரைச் சேர்த்துப் பற்றவைத்து, மூன்று பக்கத்திலிருந்தும் இழுத்துப் பார்த்தாள். தண்டுக்கு உள்ளே ஒரு மெல்லிய கம்பியை வைத்து உறுதியாக்கினாள். ரேடியோவைப் போட்டுத் தானே ஒரு வார்த்தை பேசிச் சரிபார்த்தாள். காலி மைதானத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. தன் புது விதியை மறக்காமல், சார்ஜ் இறங்கிப்போயிருந்த தன் போனையும் பக்கத்தில் வைத்து இன்னொருமுறை சோதித்தாள்.

கடைசியில் அதே பிளாஸ்டரை, டாக்டர் சுற்றியிருந்த அதே சாய்வில், அதே அவலட்சணமான மடிப்போடு திரும்பச் சுற்றினாள். இறக்கையிலும் வாலிலும் இருந்த வெளிச்சேற்றை ஒரு துளி குறைக்காமல், யார் கையும் பட்டது தெரியாதபடி அப்படியே விட்டாள். வாளித் தண்ணீரைக் கொட்டகைக்குப் பின்னால் புல்லில் ஊற்றிவிட்டு, சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.